பாலத்துக்குக் கீழே விளக்கு எதற்கு

பையூ செனியே என்கிற உப்பங்கழி ஊரில், தூக்குப்பாலத்துக்குக் கீழே கடல் பக்கமாகக் குடியிருக்கும் யாரும் படகு டிரெய்லரின் விளக்கைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. விளக்கு என்று ஏதோ இரண்டு சிவப்புக் கண்ணாடி பின்னால் தொங்கும், எரியாது. வீட்டிலிருந்து படகுத்துறைக்குப் போகிற சாலை தண்ணீரை ஒட்டியே போகிறது. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் ஒரு சிகரெட் தீர்வதற்குள் துறை வந்துவிடும். இங்கே எல்லாருக்கும் எல்லாருடைய டிரெய்லரும் தெரியும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார்கள். எஞ்சினின் வாலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் சட்டத்துக்கும் திருப்தி, மாதாவுக்கும் திருப்தி. விளக்கெல்லாம் பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலைக்குப் போகிறவர்களின் தலைவலி. புயலுக்குப் பயந்து வீட்டைக் காலி செய்கிறவன்தான் போகிற அன்று விளக்கைத் தேடுவான்.

அதனால்தான் நோரிஸ் காப்பியைக் கலக்கிக்கொண்டே, "யூலா, இந்த வாரம் டிரெய்லர் விளக்கைக் கொஞ்சம் பாத்துடு" என்றபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எதுக்கு? மீனுக்குப் பாதை தெரியலியாமா?"

"சிரிக்காத. டெல்டாவோட பையன் போலீஸ்ல சேர்ந்ததுலேர்ந்து கெடுபிடி பண்றானாம். விளக்கு இல்லாத டிரெய்லருக்கெல்லாம் அபராதச் சீட்டு கிழிக்கிறானாம்."

"ரஸ்டியா? மூக்கு ஒழுகிட்டு எங்கிட்ட பிஸ்கட்டு கேட்ட பயலா?"

"போலீஸ் சட்டையைப் போட்டா மூக்கு ஒழுகறது நின்னுடும் யூலா. புது விளக்கே வாங்கிட்டு வந்துட்டேன். பழசை ஒட்டுப் போட வேணாம். ஒயர்லேர்ந்து எல்லாமே புதுசா மாத்திடு."

அந்த வீட்டில் வேலைப் பங்கீடு கொஞ்சம் தலைகீழ். அடுப்படி நோரிஸுடையது. குழம்புக்காக எண்ணெயில் மாவைக் கருக விடாமல் கிளறிக்கொண்டே நிற்கிற பொறுமை அவனுக்குத்தான் உண்டு. ஒயர், எஞ்சின், பம்பு எல்லாம் யூலாவுடையது. கல்யாணம் ஆன புதிதில் அவன் ஒருமுறை பேட்டரிக் கம்பிகளை மாற்றிப் போட்டு வானொலியைப் புகைய விட்டான். அன்றோடு திருப்புளியை அவளிடம் கொடுத்துவிட்டான். நண்டுக் கூண்டு இறக்கப் போவது மட்டும் இரண்டு பேரும். ஒருவர் படகை ஓட்ட, ஒருவர் கூண்டைத் தூக்க, மாறி மாறி இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

போன இலையுதிர் காலம் வரை ஓடியது என்று சொல்ல வேண்டும். அக்டோபரில் ஒரு நாள் ஏரி வாயில் கூண்டுக் கயிறு காலில் சுற்றி நோரிஸ் தண்ணீருக்குள் போய்விட்டான். யூலா கொக்கிக் கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு, அவன் இடுப்பு வாரில் மாட்டிப் பிடித்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல மேலே இழுத்துப் போட்டாள். அவன் படகுத் தளத்தில் குப்புறக் கிடந்து அழுதான். "யார்கிட்டயும் சொல்லாத" என்றான். அவள் சொல்லவில்லை. அதன்பிறகு அவனுக்கு முதுகு வலி வந்தது, முதுகு வலி போனால் சளி வந்தது, சளி போனால் கூரை வேலை வந்தது. புயலில் பறந்த கூரைக்கு மேல் நீலத் தார்ப்பாய் இன்னும் கிடந்தது, அதனால் அதையும் பொய் என்று சொல்ல முடியாது. அவள் தனியாகப் போய்க் கூண்டுகளைத் தூக்கி வந்தாள். கேட்டவர்களிடம், "அவனுக்கு முதுகு" என்றாள்.

வடகாற்று அடித்து ஓய்ந்திருந்தது. பையூவில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. அந்த முட்டை நாற்றம் வீட்டுக்குள் வரை வந்தது. யூலா டிரெய்லருக்குக் கீழே ஓர் அட்டையைப் போட்டு மல்லாந்து படுத்தாள். படகு மேலே பூதம்போல நின்றது. நண்டுச் சீசனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்; தண்ணீர் சூடு பிடித்ததும் கூண்டுகளை இறக்க வேண்டும். முற்றத்தில் வேலி உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தாள், மிதவைகளுக்குப் புதிதாக ஆரஞ்சு வண்ணமும் அடித்தாயிற்று.

கோளாறு என்னவென்று பிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. உப்புத் தண்ணீருக்குள் போய்ப் போய் வருகிற டிரெய்லரில் எப்போதும் முதலில் போவது எர்த் கம்பிதான். அந்த வெள்ளைக் கம்பியை ஓர் ஆணியில் சுற்றி டிரெய்லரின் இரும்புச் சட்டத்தோடு முறுக்கியிருந்தார்கள். ஆணியும் துரு, சட்டமும் துரு. மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் கண்ட பக்கம் போகும். இடது விளக்கைப் போட்டால் இரண்டும் மங்கலாகக் கண் சிமிட்டும். பிரேக்கை அமுக்கினால் இருக்கிறதும் அணையும். கம்பியைச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே செம்பு பச்சை பூத்து மாவாக உதிர்ந்தது. ஒவ்வோர் இணைப்பிலும், திருப்புளியை விட்ட பிறகும் நோரிஸ் திருட்டுத்தனமாகச் சுற்றிய கறுப்பு டேப், புண்ணுக்குக் கட்டுப் போட்டதுபோல.

"எத்தனை கட்டுடா போட்டிருக்க, ஆஸ்பத்திரியா நடத்தின?" என்று அடியிலிருந்து கத்தினாள்.

"எரிஞ்சுதுல்ல?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"எந்தக் காலத்துல?"

அவள் எல்லாவற்றையும் உருவிப் போட்டாள். புது ஒயரைச் சட்டத்தின் உள்பக்கமாக இழுத்துப் பட்டையால் கட்டினாள். எர்த்தைச் சட்டத்தை நம்பி விடவில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக வெள்ளைக் கம்பி இழுத்து முன்னால் கொண்டுவந்து சேர்த்தாள். ஒவ்வோர் இணைப்புக்கும் மேல் சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டினாள். அது சுருங்கி, உள்ளே இருந்த பசை உருகி ஓரத்தில் முத்தாக வெளியே வந்தது. தண்ணீர் இனி உள்ளே போகாது. புது விளக்குகள் எல்இடி, முழுக்க மூடியவை. பழைய குண்டு பல்பு சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீருக்குள் போனால் பட்டென்று வெடிக்கும். அதனால் துறையில் பின்னால் இறக்குவதற்கு முன்பு எல்லாரும் இறங்கிப் போய், விளக்கை வண்டியோடு இணைக்கும் செருகியைப் பிடுங்கிவிட்டு வருவார்கள், பிறகு மாட்ட மறந்துபோவார்கள். விளக்கு எரியாததில் பாதிப் பாவம் இந்தப் பழக்கத்தைச் சேரும். இனி பிடுங்க வேண்டாம், தண்ணீருக்கு அடியிலும் எரியும்.

வேலை மனத்துக்கு இதமாக இருந்தது. விரல்கள் தாமாகவே கம்பியைச் சீவின, முறுக்கின. ஒரு விஷயம் மட்டும் கொஞ்ச நாளாக அவளுக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் பாதிரியார் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உனக்காக ஜெபிக்கிறேன் மகளே" என்றார். எதிர்வீட்டுக்காரி கேட்காமலே வந்து துணிகளைக் கொடியில் போட்டுக் கொடுத்தாள். நமக்கு வயசாகிவிட்டது என்று ஊரே முடிவு பண்ணிவிட்டதா என்று யூலா நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக முன்னால் மாட்ட வேண்டிய செருகியை நோரிஸ் வாங்கிவந்த பையிலிருந்து எடுத்தாள். எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உருண்டையாக, ஏழு முனையோடு, முஷ்டி அளவுக்கு இருந்தது. அவர்களுடைய பிக்கப் வண்டியின் பின்னால் இருப்பது நாலு முனைத் தட்டைச் செருகி. இது அதற்குள் போகாது.

"நோரிஸ்! தப்பா வாங்கிட்டு வந்திருக்க. இது பெரிய வண்டிக்கு உள்ளது."

அவன் கரண்டியோடு படியில் வந்து நின்றான். "கடையில அதான் இருந்துச்சு."

"தட்டை இல்லாத கடை எங்கடா இருக்கு? முட்டாய் விக்கிற மாதிரி வாசல்லயே தொங்கவிட்டிருப்பான்."

"புதுசா பிக்கப் வாங்கலாம்னு ஒரு யோசனை. அதுல உருண்டைதான் வரும். இப்பவே மாட்டிட்டா ரெண்டு வேலை இல்ல பாரு."

"கூரையில தார்ப்பாய் கெடக்கு. இதுல பிக்கப்பு."

"மாட்டிடேன் யூலா. சொன்னா செய்யேன்" என்றான். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. கூரை பற்றிப் பேசியதில் நொந்துவிட்டான் போல என்று அவள் மாட்டினாள். ஏழில் நாலு முனைக்குத்தான் கம்பி இருந்தது. பேட்டரியை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பளீரென்று எரிந்தது.

மறுநாள் இரைமீனுக்கு ஐஸ் வாங்க டெல்டாவின் கொட்டகைக்குப் போனாள். டெல்டா அவளுக்குச் சித்தி மகள். படகுத்துறையை ஒட்டி ஐஸும் இரைமீனும் வம்பும் விற்கிறவள். வம்புக்கு மட்டும் காசு வாங்க மாட்டாள். அவளுக்கு எல்லாருமே 'ஷா'தான். கண்ணு, செல்லம், ராசாத்தி எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கும்.

யூலா ஐஸ் மூட்டையில் கை வைத்ததும் டெல்டா ஓடிவந்தாள். "விடு ஷா, விடு! நீ எதுக்குத் தூக்குற? நான் வைக்கிறேன்."

"ஏண்டி, நான் என்ன புள்ளத்தாச்சியா? உன் மவன்தான் எங்களுக்கு வேலை வச்சுட்டான். விளக்கு இல்லைன்னா சீட்டு கிழிக்கிறானாமே."

"யாரு?"

"ரஸ்டி."

டெல்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எம்மவனா? அவன் டிரெய்லர்லயே விளக்கு கெடையாது ஷா. பின்னாடி அவம் பொண்டாட்டியோட சிவப்புப் பாவாடையைக் கட்டிட்டுப் போறான். அவன் எவனுக்குச் சீட்டு கிழிக்கப் போறான்? எவன் சொன்னான் உனக்கு?"

"நோரிஸ்."

டெல்டாவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மூடிக்கொண்டது. டெல்டா வாயை மூடுவது அபூர்வமான காட்சி.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல ஷா. டெக்ஸஸ்காரன் விளக்கு கேட்டிருப்பான். அத்தனை தூரம் நெடுஞ்சாலையில போகணும்ல."

"எந்த டெக்ஸஸ்காரன்?"

"அடி மாதாவே" என்றாள் டெல்டா. ஐஸ் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "உனக்குத் தெரியாதா? நெசமாவே தெரியாதா? நீ பல் டாக்டருக்குப் போன அன்னிக்கு வந்தானே, வெள்ளைப் பிக்கப்புல, உசரமா. இங்கதான் படகை இறக்கி ஓட்டிப் பாத்தான். சனிக்கிழமை வந்து கொண்டு போறதாப் பேச்சு. நீதான் விக்கச் சொன்னேன்னான் நோரிஸ்."

"நானா?"

"உன் கை ரெண்டும் மரத்துப் போகுதாம். கூண்டுக் கயிறு பிடிபட மாட்டேங்குதாம். ராத்திரியில வலி தாங்காம அழறியாம். யாரும் கேட்டுடாதீங்க, அவளுக்கு ரோசம் ஜாஸ்தின்னு எங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சான். அவன் கண்ணுல தண்ணி வந்துச்சு ஷா. நானும் கூட அழுதேன்."

யூலா தன் கைகளைப் பார்த்தாள். நகத்துக்கடியில் பசை ஒட்டியிருந்தது. நேற்று முழுக்க மயிரிழைக் கம்பிகளைப் பிரித்துச் சேர்த்து, அந்த வெள்ளைப் பிக்கப்புக்கான உருண்டைச் செருகியையும் மாட்டிய கைகள். பாதிரியார் பிடித்த கை இதுதான். ஊரே பரிதாபப்பட்ட கை இதுதான். அக்டோபரில் அவன் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்ததும் இதுதான்.

அக்டோபரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் பையூ முழுக்கத் தெரிந்துவிடும். அது நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வேறோர் ஐஸ் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பிக்கப்புக்கு நடந்தாள். டெல்டா தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோரிஸ் நண்டுக் குழம்பு வைத்திருந்தான். அவளுக்குப் பிடித்தபடி, கறுக்கக் கிளறிய மாவில், வெங்காயத் தாளைக் கடைசியில் தூவி. முட்டையையும் உடைத்துக் குழம்பிலேயே வேகவைத்திருந்தான். அது பண்டிகைக்குச் செய்வது. சோற்றை அவள் தட்டில் குவித்து நடுவில் குழித்து ஊற்றினான்.

"விளக்கு நல்லா எரியுதா?" என்று கேட்டான்.

"பளிச்சுன்னு."

"உன் கை வேலைன்னா கேக்கணுமா" என்றான் அவன். சொல்லும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, தட்டில் கண்ணை வைத்திருந்தான்.

அவள் ஒரு நண்டுக் காலை உடைத்தாள். மெதுவாகச் சதையை உருவினாள். அவனுக்கு ஒரு வாசலைத் திறந்துவைக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், ஒரு வாசல் திறந்தால் வராமலா போவான்.

"புதுப் பிக்கப்பு சொன்னியே. என்ன கலர் பாத்து வச்சிருக்க?"

"கலரா?" அவன் கொஞ்சம் யோசித்தான். "வெள்ளை."

"உசரமா?"

"ஆமா. உசரமாத்தான் இருக்கும்."

"எப்ப வருது?"

"பாக்கலாம். சீக்கிரம்."

"நாளைக்குக் காலையில கூண்டு இறக்கலாம்னு இருக்கேன். தண்ணி சூடு புடிச்சிருக்கு. நீயும் வர்றியா?"

அவன் கரண்டி நின்றது. "நாளைக்கா? நாளைக்கு வேணாம் யூலா. அடுத்த வாரம் பாக்கலாம். பனி மூடும்னான் வானொலியில."

"உன் முதுகு எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

"என்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா நோரிஸ்?"

குழம்புச் சட்டியில் நண்டு ஓடு ஒன்று தானாகச் சரிந்தது. அவன் எழுந்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?" என்றான். அவள் தட்டை நீட்டினாள். குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. பயமாக இருக்கிறது, இனி தண்ணீருக்கு வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே படகோடு டிரெய்லரை மாட்டிப் பாலம் தாண்டி வாங்குகிறவனிடம் கொண்டுபோய் விட்டிருப்பாள். அழுதபடியாவது விட்டிருப்பாள்.

சனிக்கிழமை விடிந்தபோது வானொலி சொன்ன பனி வந்துவிட்டது. நோரிஸ் தூங்கிக்கொண்டிருந்தான். யூலா அட்டையை விரிக்கவில்லை, முழங்காலிட்டே வேலையை முடித்தாள். உருண்டைச் செருகியை வெட்டி எடுத்தாள். டப்பாவில் கிடந்த பழைய தட்டைச் செருகிகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, நாலு கம்பியையும் நாலு முனையோடு சேர்த்து, குழாய் போட்டுச் சூடு காட்டினாள். வெட்டிய உருண்டையைச் சமையலறை மேசையில், அவன் காப்பிக் கோப்பைக்குள் வைத்தாள். பிறகு கூண்டுகளைப் படகில் ஏற்றினாள். ஒன்றையும் வீசவில்லை. சத்தமே இல்லாமல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

துறையில் பிக்கப்பைப் பின்னால் இறக்கும்போது பழக்கத்தில் கை கதவைத் திறந்தது, செருகியைப் பிடுங்க. பிறகு சிரித்துக்கொண்டு சாத்தினாள். விளக்கு எரிந்தபடியே டிரெய்லர் தண்ணீருக்குள் போயிற்று. படகு மிதந்து எழுந்தது. கயிற்றை மரத்தூணில் கட்டி, பிக்கப்பை அங்கேயே சரிவில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டுப் படகில் ஏறினாள். டிரெய்லரை மேலே இழுத்து நிறுத்திவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்று அவள் இழுக்கவில்லை.

எஞ்சின் சூடேறிக்கொண்டிருந்தபோது சாலையில் காலடிச் சத்தம் கேட்டது. நோரிஸ் ஓடிவந்தான். உள்சட்டையும் செருப்புமாக, கையில் அந்த உருண்டைச் செருகியோடு. சரிவில் இறங்கி வந்தவன் தண்ணீர் தொடும் இடத்துக்கு முன்னால் கயிறு கட்டி இழுத்ததுபோல நின்றுவிட்டான். மரத்தூண் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். கணுக்கால் நனைந்தால் போதும், கயிற்றைப் பிடித்துவிடலாம். அவன் காலை எடுத்து வைத்தான், உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கொட்டகை வாசலில் டெல்டா நின்றிருந்தாள். அவள் அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு படகில் நின்றவளின் கைகளைப் பார்த்தாள்.

"யூலா, கயிறைப் போடு. அவன் பாலத்துக்கிட்ட வந்துட்டானாம். போன் பண்ணினான்."

"வரட்டும். டிரெய்லர் இருக்குல்ல, ஓட்டிட்டுப் போகட்டும்."

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன். தினமும் சொல்லணும்னுதான்…"

"வித்தது கூடப் பெரிசில்லடா. என் கையாலயே விளக்கு மாட்ட வச்சியே. பழியையும் அந்தக் கை மேலயே போட்டியே. என் கை விழுந்துடுச்சுன்னு ஊரெல்லாம் என்னைப் பாத்து அழுதுது. நீ அக்டோபர்ல என்கிட்ட ஒண்ணு கேட்ட. இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு நாய்கிட்டகூடச் சொன்னதில்ல."

அவன் செருகியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"வண்டியில ஏறு" என்றாள் அவள்.

"என்ன?"

"பிக்கப்புல ஏறி பிரேக்கை அமுக்கு. விளக்கைச் சோதிக்கணும்ல. ஒருத்தர் அமுக்கணும், ஒருத்தர் பாத்துச் சொல்லணும். எப்பவும் அப்படித்தானே பண்ணுவோம்."

அவன் வேறு என்ன செய்வதென்று தெரியாதவனைப்போல, ஏறி உட்கார்ந்தான். கதவு சாத்துகிற சத்தம் பனிக்குள் கேட்டது. படகின் பின்பக்கம், கலங்கிய தண்ணீருக்கு அடியில் இரண்டு சிவப்பும் ஒரே நேரத்தில் பளீரென்று எழுந்தன. சேற்றையும், சிதறி ஓடிய சின்ன மீன்களையும் கூடக் காட்டும் அளவுக்கு எரிந்தன. அவள் செய்த வேலையிலேயே அதுதான் மிகச் சுத்தமான வேலை.

"ரெண்டும் எரியுது நோரிஸ்!" என்று அவள் கத்தினாள். "இடதும் எரியுது, வலதும் எரியுது. அவன் வந்தா சொல்லு, அவளுக்குக் கை நல்லாத்தான் இருக்குன்னு."

அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அவள் கயிற்றை அவிழ்த்துப் படகைத் திருப்பி, முதல் கூண்டை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டு ஏரி வாய்க்குப் போனாள். திரும்பிப் பார்த்தபோதும் தண்ணீருக்குள் அந்த இரண்டு விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன.